வெப்பத்தைச் சமாளிக்க ஒரு நகரம் எதில் முதலில் பணம் போட வேண்டும்?

2003 கோடையில் ஐரோப்பா முழுவதும் வெப்ப அலையால் இறந்தவர்கள் சுமார் 70,000 பேர். பிரான்ஸில் மட்டும், அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், ஏறக்குறைய 15,000 பேர். நடுவெயிலில் நின்றவர்கள் இவர்களில் குறைவு. பெரும்பாலோர் வீட்டுக்குள் இருந்த முதியவர்கள். பலர் தனியாக வாழ்ந்தவர்கள். கூரைக்கு நேர் கீழே, மேல்மாடி அறைகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர் இறந்தபோதும் இதேதான் நடந்தது. லிட்டன் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.6 டிகிரியைத் தொட்டது. ஆனால் மாகாணம் முழுவதும் இறந்தவர்களில் 98 சதவீதம் பேரை வெப்பம் தாக்கியது கட்டடங்களுக்குள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதை எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

நகரத்தைக் குளிர்விப்பது பற்றிப் பேச உட்கார்ந்தாலே, இந்தத் திட்டத்தால் ஊரின் சராசரி வெப்பநிலை எத்தனை டிகிரி குறையும் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. தேவையான கேள்விதான், ஆனால் அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பேன். மேல்மாடியில் தனியாக இருக்கும் ஒரு வயதானவரின் அறை இரவு இரண்டு மணிக்கு எப்படி இருக்கும், அவரை யாராவது எட்டிப் பார்ப்பார்களா? இதை முதலில் கேட்டால், நம் முன்னால் இருக்கும் வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது. வழிகள் என்று பார்த்தால் பெரியவை நான்கு: முன்னெச்சரிக்கையும் வீடு தேடிப் போகும் ஏற்பாடும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மரம், ஏசி. சிறியவை இன்னும் சில இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும் அளவுக்குப் பணமுள்ள நகரங்கள் மிகக் குறைவு. அதனால்தான் இந்த ஒப்பீடு.

சராசரியை மட்டும் பார்த்தால்

லண்டனை வைத்து 2024இல் வெளிவந்த கணினி ஆய்வு ஒன்று இதற்கு நல்ல தொடக்கம். 2018 கோடையின் மிக வெப்பமான இரண்டு நாட்களை எடுத்துக்கொண்டு, நகரம் முழுவதும் ஒவ்வொரு வழியையும் செயல்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். எல்லாக் கூரைகளும் வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு பெற்றிருந்தால், வெளிக்காற்றின் வெப்பம் சராசரியாக 1.2 டிகிரி குறைந்திருக்கும். சில இடங்களில் 2 டிகிரி வரை. மரங்களை அடர்த்தியாக வளர்த்திருந்தால் குறைந்திருக்கக்கூடியது 0.3 டிகிரி. செடி வளர்க்கும் பசுமைக் கூரைகளால் சராசரியில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. பகலில் குறைத்ததை இரவில் திருப்பிக் கொடுத்துவிட்டன. ஏசி எல்லா இடத்திலும் பரவியிருந்தால் வெளிக்காற்று சராசரியாக 0.15 டிகிரி கூடியிருக்கும். கட்டடங்கள் நெருங்கிய நடுநகரில் 1 டிகிரி வரை.

சராசரிதான் எல்லாம் என்றால் முடிவு இங்கேயே தெரிந்துவிடும்: கூரைப் பூச்சு ஜெயித்தது, ஏசி தோற்றது. ஆனால் இந்த எண்கள் தெருவில் இருக்கும் காற்றைப் பற்றியவை. அறைக்குள் இருக்கும் உடலைப் பற்றி அவை பேசவில்லை. மரத்தடியில் நிற்பவருக்குக் காற்றின் வெப்பம் 0.3 டிகிரிதான் குறைந்திருக்கும்; ஆனால் தலையில் விழும் வெயிலே இல்லாமல் போய்விடுகிறது. உடல் உணர்வது அந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஏசிக்கும் இதே நியாயம் பொருந்தும். தெருவை அது சூடாக்கினாலும், உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது.

எச்சரிக்கையும் கதவு தட்டுதலும்

ஊரின் வெப்பநிலையைப் புள்ளி ஒன்று டிகிரி கூடக் குறைக்காத வழி இது. இருந்தும் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா 1995இல் வெப்ப எச்சரிக்கை முறையைத் தொடங்கியது. வானிலைக் கணிப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் தொலைபேசி உதவி எண் திறக்கும், சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போவார்கள், தெருத் தன்னார்வலர்கள் முதியவர்களை எட்டிப் பார்ப்பார்கள். 1995 முதல் 1998 வரை இதனால் 117 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகவும், செலவு சுமார் 2,10,000 டாலர் என்றும் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சாலை மேம்பாலம் ஒன்றின் செலவோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை.

பிரான்ஸ் 2003இல் அடி வாங்கியபின் 2004இல் தேசிய வெப்பத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2006 ஜூலையில் மறுபடி கடும் வெப்பம் வந்தபோது, பழைய கணக்குப்படி எதிர்பார்த்ததைவிடச் சுமார் 4,400 பேர் குறைவாக இறந்தார்கள். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டபோது, வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியது: வண்ணக் குறியீட்டோடு எச்சரிக்கை, மருத்துவர்களுக்குப் பயிற்சி, குடிநீர் ஏற்பாடு, துறைகளுக்கிடையே யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற தெளிவு. அதன்பின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது. இத்தகைய மதிப்பீடுகளில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஆனால் மூன்று கண்டங்களில், மூன்று விதமான இடங்களில், எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன.

இதில் எளிதாக விட்டுப்போகும் பகுதி எச்சரிக்கை அல்ல, மனிதத் தொடர்பு. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாட்களில் 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகள் நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன. வடக்கு லான்டேலிலும் தெற்கு லான்டேலிலும் வறுமையில் வாழும் முதியவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்று, தனியாக வாழும் முதியவர்களின் விகிதமும் ஒன்று, அடித்த வெயிலும் ஒன்று. வடக்கில் இலட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் 4 பேர். குறைவாக இறந்த பகுதியில் தெருவில் ஆள்நடமாட்டம் இருந்தது, கடைகள் திறந்திருந்தன, ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தார்கள். மற்றதில் கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, முதியவர்கள் பயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். பத்து மடங்கு வேறுபாட்டைக் கொடுக்கும் எந்தப் பூச்சும் சந்தையில் கிடையாது.

குறை என்ன என்றால், இந்த வழி காகிதத்திலேயே நின்றுபோவது மிக எளிது. ஒவ்வொரு கோடைக்கும் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நகரம், கைப்பேசியே பார்க்காதவரை இழந்துவிடும். எச்சரிக்கை எல்லையைப் பகல் உச்சத்தை மட்டும் வைத்து நிர்ணயிப்பதும் தவறு. இரவிலும் வெப்பம் இறங்காத நாட்கள்தான் உடலை உடைக்கின்றன. அப்புறம், வெளியில் வேலை செய்பவர்கள். கட்டடத் தொழிலாளிக்கும் தெரு வியாபாரிக்கும் எச்சரிக்கை மட்டும் போதாது. வேலை நேரத்தை மாற்றவும் இடைவேளை கொடுக்கவும் விதி வேண்டும். அதற்கு நகரத்தின் பணம் அதிகம் தேவையில்லை, துணிவுதான் தேவை.

வெள்ளைக் கூரை

அடுத்த இடம் இதற்கு. கருநிறக் கூரை கோடை வெயிலில் 65 டிகிரி வரை சூடாகும். வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு அடித்த கூரை அதைவிட 28 டிகிரி வரை குறைவாக இருக்கும். பகலில் கான்கிரீட் தளம் குடித்த வெப்பத்தை இரவு முழுவதும் கீழே இருக்கும் அறைக்குள் கசியவிடுவதுதான் மேல்மாடி வீடுகளின் முக்கியப் பிரச்சினை. தளம் வெப்பத்தை வாங்காவிட்டால் இரவில் கொடுக்கவும் எதுவும் இருக்காது. மேலே கேட்ட முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரே கட்டுமான வேலை இது. கோடைக்கு முந்தைய சில வாரங்களில் ஒரு வார்டையே முடித்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

நியூயார்க் 2009 முதல் இதைச் செய்துவருகிறது. வேலை தேடுவோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே கொண்டு பூசுகிறார்கள். ஒரு கோடிச் சதுர அடிக்கு மேல் பூசியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் 2014இல் புதிய வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தெலங்கானா 2023இல் ஐந்தாண்டுக் கொள்கை ஒன்றை அறிவித்து, 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பை இலக்காக வைத்தது. ஒரு திட்டம் தானாகப் பரவாது, விதியோ உதவித்தொகையோ வேண்டும் என்பதற்கு இந்த மூன்றும் மூன்று உதாரணங்கள்.

இதன் எல்லைகளையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பத்து மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. தூசி படிந்தால் திறன் குறையும். கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடி பூச வேண்டும். குளிர்காலம் நீண்ட ஊர்களில் வீட்டைச் சூடாக்கும் செலவு கொஞ்சம் கூடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வாடகை வீடுகளில் வருகிறது. வெக்கையில் தவிப்பவர் வாடகைதாரர், கூரைக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர். பூச்சுச் செலவை நகரமே ஏற்கவில்லை என்றால், மிகவும் தேவைப்படும் கூரைகள்தான் கடைசிவரை கருப்பாக இருக்கும்.

மரம்

மரத்துக்கு ஆதரவாகப் பேச ஆள் தேவையில்லை. அதனால்தான் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவின் 93 நகரங்களை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 2015 கோடையில் அந்த நகரங்களில், நகரமாக இருப்பதாலேயே கூடும் வெப்பத்தால் சுமார் 6,700 பேர் உரிய காலத்துக்கு முன் இறந்தார்கள். மரநிழல் பரப்பை 30 சதவீதமாக உயர்த்தியிருந்தால் அதில் 2,644 மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்பது கணிப்பு. ஐந்தில் இரண்டு பங்கு! கொலம்பியாவின் மெடயின் நகரம் 2016 முதல் சாலையோரங்களிலும் நீரோடைக் கரைகளிலும் 30 பசுமைத் தடங்களை உருவாக்கியது. செலவு சுமார் 1.6 கோடி டாலர். தடங்களை ஒட்டிய இடங்களில் வெப்பம் 2 டிகிரி குறைந்ததாக நகர நிர்வாகம் சொல்கிறது. பராமரிக்க ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்குத் தோட்டக்கலைப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தார்கள். என் கண்ணுக்கு அந்தத் திட்டத்தின் உயிர் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

ஏனென்றால் மரம் நடுவது எளிது, மரமாக்குவது கடினம். நிழல் தரும் அளவுக்கு வளரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று வறட்சிகள் வந்துவிடும். மெல்போர்னில் நீண்ட வறட்சியும் தண்ணீர்க் கட்டுப்பாடும் சேர்ந்து நகர மரங்களில் பெரும்பகுதியை நோயாளியாக்கின. அதன்பிறகு 2012இல் அந்த நகரம் எழுதிய திட்டம் எல்லா நகரங்களும் படிக்க வேண்டியது. பொது இடங்களின் மரநிழலை 22 சதவீதத்திலிருந்து 2040க்குள் 40 சதவீதமாக்குவது இலக்கு. கூடவே ஒரு கட்டுப்பாடு: ஒரே இனம் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரே தாவரக் குடும்பம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பூச்சியோ ஒரு நோயோ வந்து தெருவையே மொட்டையாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

இரவுக் கேள்விக்கு மரம் முழுப் பதில் அல்ல. பகலில் இலைகள் நீராவியை வெளிவிட்டுக் காற்றைக் குளிர்விக்கும். இரவில் அந்த வேலை அநேகமாக நின்றுவிடும். குறுகிய தெருவில் அடர்ந்த கிளைக்கூரை, சுவர்களின் வெப்பம் வானத்துக்குப் போவதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஆனால் மேற்குச் சுவருக்கு நிழல் தரும் ஒரு மரம், அந்தச் சுவர் மாலையில் வாங்கும் வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. ஆக, எத்தனை மரம் என்பதைவிட எங்கே மரம் என்பது பெரிய விஷயம். அமெரிக்காவில் 108 நகரங்களை ஆராய்ந்தபோது, 1930களில் கடன் கொடுக்கத் தகுதியற்றவை என்று வங்கிகளுக்காக ஒதுக்கிக் காட்டப்பட்ட பகுதிகள் இன்றும் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி கூடுதல் சூடாக இருப்பது தெரிந்தது. மரம் ஏற்கெனவே இருக்கும் பகுதிக்கே மீண்டும் மரம் போவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. அங்கே இடம் இருக்கிறது, கேட்டு வாங்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. சாலையை அகலப்படுத்த ஐம்பது வயது மரம் ஒன்றை வெட்டிவிட்டு, ஈடாகப் பத்துக் கன்று நடுவதாகச் சொல்லும் கணக்கை ஏற்கவே கூடாது. இந்தக் கோடையில் நிழல் தரப்போவது அந்தப் பத்தில் ஒன்றும் இல்லை. இருக்கும் பெரிய மரத்தைக் காப்பாற்றுவதுதான் இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான வேலை.

ஏசி: வேண்டாம் என்று சொல்ல முடியாதது

சூழல் பற்றி அக்கறை உள்ளவர்கள் ஏசியைக் குற்றவாளியாகப் பார்ப்பதுண்டு. அமெரிக்காவில் 1960க்குப் பின் கடும் வெப்ப நாட்களில் நேரும் மரணங்கள் சுமார் முக்கால் பங்கு குறைந்தன; அதற்கு வீட்டு ஏசிதான் முக்கியக் காரணம் என்று பொருளாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உயிர் காக்கும் ஒன்றை ஒழுக்கக் காரணம் சொல்லி மறுப்பது நியாயமில்லை.

ஆனால் நகரத்தின் முக்கியத் திட்டமாக இதை வைக்க முடியாது. ஏசிக்கும் ஃபேனுக்கும் மட்டுமே உலக மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018இல் கணக்கிட்டது. 2016இல் 160 கோடியாக இருந்த ஏசிகள் 2050இல் 560 கோடி ஆகலாம் என்றும் சொன்னது. எல்லோரும் ஒரே நேரத்தில் போடும் மதியத்தில்தான் மின்கட்டமைப்பு திணறும். மின்சாரம் போனால், ஏசியை நம்பிக் காற்றோட்டம் இல்லாமல் கட்டிய கட்டடம் சில மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். மின்கட்டணத்துக்குப் பயந்து, இருக்கும் ஏசியைப் போடாமல் இறப்பவர்களும் உண்டு.

எனவே இதைக் குறிவைத்துக் கொடுக்க வேண்டும்: மருத்துவமனை, முதியோர் இல்லம், மாற்று மின்சாரத்தோடு வார்டுக்கு ஒரு பொதுக் குளிர் அறை. பிரிட்டிஷ் கொலம்பியா 2023இல் வருமானம் குறைந்த, உடல்நலம் குன்றிய மக்களுக்கு 8,000 ஏசிகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இது சரியான மாதிரி. பொதுக் குளிர் அறையைத் திறந்து வைத்தால் மட்டும் போதும் என்று எண்ணக்கூடாது. படியிறங்க முடியாதவரைக் கூட்டிவர வண்டியும் ஆளும் வேண்டும். அது மறுபடி கதவு தட்டும் ஏற்பாட்டில்தான் வந்து நிற்கிறது.

மற்றவை

சாலைக்கு வெளிர்நிறப் பூச்சு: ஃபீனிக்ஸ் நகரம் 2020இல் சோதித்தபோது சாலையின் மேற்பரப்பு மதியத்தில் 6 டிகிரி அளவுக்குக் குறைந்தது. ஆனால் திருப்பி எறிந்த வெயில் நடந்துபோகிறவர் மேல் விழுந்து, அவர் உணரும் வெப்பத்தை 3 டிகிரி கூட்டியது. நடைபாதை இல்லாத இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நகருக்குள் காற்று வரும் பாதைகளைக் கட்டடம் கட்டாமல் விட்டுவைப்பதில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் முன்னோடி. 1938 முதலே நகர நிர்வாகத்தில் காலநிலைக்கென்று ஆள் வைத்தார்கள். இதற்குப் பணம் வேண்டாம், கட்டட அனுமதி கொடுக்கும்போது முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். சியோல் மேம்பாலத்தை இடித்து 2005இல் மீட்ட 5.8 கிலோமீட்டர் சோங்கேசோன் ஓடை அருமையான வேலைதான், ஆனால் சாதாரண நகரங்களின் பணப்பைக்குள் அடங்காது.

வெள்ள அபாயமும் உள்ள நகரமாக இருந்தால் கணக்கு கொஞ்சம் நகரும். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2ஆம் தேதி சில மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபின், பூங்காக்களையும் தெருக்களையும் மழைநீர் தங்கும் இடங்களாக மாற்றத் தொடங்கினார்கள். அத்தகைய ஊரில் மரத்துக்கும் திறந்த மண்ணுக்கும் இரட்டைப் பலன்; கூரைப் பூச்சால் வெள்ளத்துக்கு ஒரு பயனும் இல்லை.

பணத்தை எப்படிப் பிரிப்பது

ஐந்தாண்டுக்கான பணத்தை நூறு பங்காக வைத்தால் நான் பிரிப்பது இப்படித்தான். எச்சரிக்கைக்கும் வீட்டுப் பார்வைக்கும் பதினைந்து பங்கு, ஆனால் ஆண்டுதோறும் தவறாமல். கூரைக்கு முப்பத்தைந்து, வாடகைக் குடியிருப்புகளின் மேல்மாடிகளும் தகரக் கூரைகளும் முதலில். மரத்துக்கு நாற்பது, அதில் பாதி தண்ணீருக்கும் பராமரிப்புக்கும். பொதுக் குளிர் அறைகளுக்குப் பத்து. முதல் கோடையிலேயே சில நூறு மேல்மாடி வீடுகளில் வெப்பமானி வைத்து இரவு அளவைக் குறித்துக்கொண்டால், பூச்சு எந்தத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் சண்டை வராது.

இந்தப் பங்கீடு மாறும் இடங்களும் உண்டு. குளிர்காலம் கடுமையான நகரம் பூச்சைக் குறைத்து, கூரைக்கு வெப்பக்காப்புப் போடலாம். அது இரண்டு காலத்துக்கும் உதவும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் வியர்வை காயாது என்பதால் குளிர் அறைகளுக்குக் கூடுதல் பங்கு தேவை. ஒரே தவணையில் மானியம் வந்து, ஆண்டுப் பணத்துக்கு உத்தரவாதம் இல்லாத நகரம் கூரையில் போடட்டும். பராமரிக்கப் பணமில்லாமல் நட்ட கன்று மூன்றாம் கோடையைப் பார்க்காது. அடித்த பூச்சு குறைந்தபட்சம் சில ஆண்டுகள் உழைக்கும்.

மரத்துக்கு ஒப்பந்தம் போடும்போது ஒரு நிபந்தனை வேண்டும்: நட்ட கன்றின் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கக்கூடாது, மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் மரத்துக்குத்தான் கடைசித் தவணை. சியரா லியோனின் ஃப்ரீடவுன் 2020இல் தொடங்கிய மரத் திட்டம் இதற்கு நெருக்கமான வழியில் நடக்கிறது. ஒவ்வொரு கன்றுக்கும் தனி எண், குடியிருப்போரே அதைப் பார்த்துக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், பார்த்துக்கொள்வதற்குத்தான் அவர்களுக்குப் பணம். கூரைப் பூச்சு ஒப்பந்தத்திலும் இரண்டாம் ஆண்டுக் கழுவுதலைச் சேர்த்தே விலை கேட்க வேண்டும்.